மாம்பழ சி-டிஎன்ஏ நூலகம்: பாதி சீக்வென்ஸ் வீணாகிறது, கோளாறு எங்கே?

கேள்வி:
பழுக்கும் மாம்பழச் சதையில் எந்தெந்த ஜீன்கள் வெளிப்படுகின்றன என்று பார்க்க, சி-டிஎன்ஏ நூலகத்திலிருந்து (எம்ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்து பாக்டீரியாவில் வைத்த தொகுப்பு) வரிசை பாராமல் குளோன்களை எடுத்து சீக்வென்ஸ் செய்கிறோம். வெக்டர் (துண்டைச் சுமக்கும் டிஎன்ஏ) புளூஸ்கிரிப்ட்; வெட்டும் நொதிகள் 5′ முனையில் ஈகோஆர்-1, 3′ முனையில் எக்ஸ்ஹோ-1. துண்டு நுழைந்ததைக் காட்டும் வெள்ளைக் காலனிகளை மட்டுமே எடுத்தோம். ஆனாலும் 96-க்கு 40 குளோன்களில் 150 பேஸுக்குள் பாலி-ஏ (எம்ஆர்என்ஏவின் 3′ முனை வால்) வந்துவிடுகிறது. மீதியில் பல 26எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ. மொத்த ஆர்என்ஏவின் 260/280 விகிதம் (புரதக் கலப்பைக் காட்டுவது) 1.9, 260/230 விகிதம் (சர்க்கரை, பீனால் கலப்பைக் காட்டுவது) 0.7. எதை முதலில் சரிசெய்வது?

பதில் 1:
அந்த 0.7-ஐத்தான். பெக்டினும் பாலிஃபீனாலும் ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி பாலி-ஏ வாலிலிருந்து கிளம்பி நடுவழியில் நின்றுவிடும். உங்களுக்குக் கிடைப்பது வால் துண்டுதான்.

சிடிஏபி (ஒரு டிடர்ஜென்ட்) முறைக்கு மாறுங்கள்: 2% சிடிஏபி, 2% பிவிபி (பாலிஃபீனாலைப் பிடிப்பது), 2 மோலார் உப்பு, 25 மில்லிமோலார் ஈடிடிஏ, 100 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 8.0). மெர்காப்டோஎத்தனால் 2%, அதைக் கடைசி நேரத்தில் சேருங்கள். 65 டிகிரியில் உள்ள 15 மி.லி. கரைசலில் உறையவைத்து அரைத்த சதைப் பொடி 2–3 கிராம். பொடி உருகுவதற்குள் கொட்டிவிட வேண்டும். குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) கொண்டு இரண்டு முறை கழுவி, மேல்கரைசலில் கால் பங்கு 10 மோலார் லித்தியம் குளோரைடு சேர்த்து இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள். ஐசோபுரப்பனால் வேண்டாம், பெக்டினையும் சேர்த்து இறக்கும். கண்ணாடிபோல் வழவழப்பாக, தண்ணீரில் கரையாமல் நிற்கும் படிவைக் கண்டால் அது பெக்டின்தான்.

கேட்டவர்:
நன்றி. ஒலிகோ-டிடி சுத்திகரிப்பு (பாலி-ஏ வாலைப் பிடித்து எம்ஆர்என்ஏவைப் பிரிப்பது) ஒரு சுற்றுதான் செய்தோம். சி-டிஎன்ஏ குறைவாக இருந்ததால் அளவுவாரியாகப் பிரிக்கவில்லை.

பதில் 2:
அப்படியானால் ரைபோசோம் வந்ததில் வியப்பில்லை. மொத்த ஆர்என்ஏவில் எம்ஆர்என்ஏ 1–5% மட்டுமே. 65 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்கி, உடனே பனிக்கட்டியில் வைத்து, உப்புக் கரைசல் சேர்த்து இரண்டாம் சுற்றுக்கு விடுங்கள்.

அளவு பிரிப்பதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். குட்டித் துண்டுகள் வெக்டரில் முந்திக்கொண்டு சேரும். செஃபரோஸ் சிஎல்-2பி மணிகள் நிரப்பிய குழாயிலிருந்து சொட்டுகளைத் தனித்தனியாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஜெல்லில் ஓட்டி, 500 பேஸுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் சேருங்கள்.

வெள்ளை நிறத்தை நம்பவேண்டாம்; வெறும் அடாப்டர் (சி-டிஎன்ஏ முனையில் ஒட்டும் குட்டி டிஎன்ஏ) நுழைந்தாலும் காலனி வெளுக்கும். நுழைந்த துண்டின் நீளம் அறிய எம்13 பிரைமரில் காலனி பிசிஆர் செய்து, காலி வெக்டரையும் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். தேறியதை வெக்டரின் டி3 பக்கத்திலிருந்து (5′ முனை) படியுங்கள். டி7 பக்கம் (3′ முனை) பாலி-டியில், அதாவது பாலி-ஏ வாலின் எதிரிழையில், தடுமாறும்.

பதில் 1:
இருக்கிற தரவைத் தூக்கிப் போடாதீர்கள். வெக்டரையும் பாலி-ஏவையும் வெட்டி, 100 பேஸுக்குக் குறைந்தவற்றை நீக்கிவிட்டு கேப்3 மென்பொருளில் தொகுங்கள், பிறகு பிளாஸ்ட்-எக்ஸ் (புரதத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது). புது ஜீன் வருவது குறைந்தால் டிஎஸ்என் நியூக்ளியேஸ் (இரட்டை இழை டிஎன்ஏவை வெட்டும் நொதி) கொண்டு, மிகுதியாக உள்ள ஜீன்களைக் குறைத்துச் சமன்படுத்தலாம். ஆனால் அதன்பிறகு குளோன் எண்ணிக்கையை வைத்து வெளிப்பாட்டின் அளவைச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைச் சமன்படுத்தாத நூலகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.