1969 எஸ் சென்ட்: டபுள் டையா, இயந்திர இரட்டிப்பா?

பழங்காசு:
என்னிடம் உள்ள 1969ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் ஆண்டு எண்ணும், அதன் கீழுள்ள சான் பிரான்சிஸ்கோ நாணயசாலையின் ‘எஸ்’ குறியும் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. அவ்வாண்டின் எஸ் டபுள் டை (நாணயத்தை அடிக்கும் அச்சான ‘டை’யிலேயே உருவம் இரட்டித்துப் பதிந்த பிழை நாணயம்) மிக அரிதானது என்பது சேகரிப்பாளர்கள் அறிந்ததே. அப்படியிருக்க, ஒரு விற்பனையாளர் இதை ‘வெறும் இயந்திர இரட்டிப்பு’ என்று ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை.

லென்ஸ்காரன்:
விற்பனையாளர் சொன்னது சரி, ஐயா. அதற்கான சான்றை நீங்களே தந்துவிட்டீர்கள். டபுள் டை என்பது அச்சிலேயே நேர்ந்த பிழை. அக்காலத்தில் ஒரு டையை உருவாக்க, மூல அச்சை அதன்மீது ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தினார்கள். இடையில் டையைச் சூடேற்றி மென்மையாக்கி மீண்டும் பொருத்தும்போது அது இம்மியளவு திரும்பியிருந்தாலும் இரண்டு உருவங்கள் பதிந்துவிடும். எஸ் குறியோ அந்த மூல அச்சில் இல்லை. டை முடிந்த பிறகு தனியாகக் கையால் அடிக்கப்பட்டது. எனவே அசலான 1969 எஸ் டபுள் டையில் ஆண்டும் எழுத்துகளும் இரட்டித்திருக்க, எஸ் மட்டும் ஒற்றையாகவே நிற்கும். உங்களுடையதில் இரண்டும் சேர்ந்தே இரட்டித்துள்ளன என்றால், அடிக்கும் கணத்தில் டை தளர்ந்து அசைந்திருக்கிறது; இதுவே இயந்திர இரட்டிப்பு.

பழங்காசு:
இந்த விதி எல்லாக் காலத்துக்கும் பொருந்தாதே! 1990 முதல் சென்ட்டில் நாணயசாலைக் குறியும் மூலத்திலேயே இடம்பெற்றுவிட்டது. மேலும், இயந்திர இரட்டிப்பும் நாணயசாலைக்குள் நடப்பதுதான்; அதைப் பிழை என்று ஏற்காதது ஏன்?

லென்ஸ்காரன்:
முதற்கூற்று உண்மை, ஆகவேதான் குறியை மட்டும் நம்பாமல் உருவத்தைப் பார்க்கச் சொல்கிறேன். பத்து மடங்கு லென்ஸில் 9இன் ஓரத்தைப் பாருங்கள். இயந்திர இரட்டிப்பில், எழும்பி நின்ற உலோகத்தையே டை தள்ளி நசுக்குவதால், எண்ணின் பக்கத்தில் தட்டையான, பளபளப்பான படி ஒன்று தாழ்வாகக் கிடக்கும்; அந்த அளவுக்கு எண்ணின் மேற்பகுதி மெலிந்துபோகும். டபுள் டையில் நிலைமை நேர்மாறு: இரண்டாம் உருவமும் உருண்டு திரண்டு எழுந்திருக்கும், எழுத்து தடித்திருக்கும், அதன் முனைகள் பிளவுபட்டு நடுவே சிறு வெட்டு தெரியும். 1955ஆம் ஆண்டின் புகழ்பெற்ற சென்ட்டில் வெறுங்கண்ணுக்கே அது புலப்படும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிழையான ஒரு டை அடித்த நாணயங்கள் எல்லாவற்றிலும் அதே இரட்டிப்பு அதே இடத்தில் இருக்கும். அதனால் அதைப் பட்டியலிடலாம், ஒப்பிடலாம், போலியையும் பிரித்தறியலாம். தளர்ந்த டையின் அசைவு அடிக்கு அடி மாறக்கூடியது; அது எண்ணற்ற நாணயங்களில் காணப்படுகிறது. புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் இதை டபுள் டை என்று நம்பிப் பணம் இழப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

பழங்காசு:
லென்ஸில் பார்த்தேன். 6இன் வலப்புறம் நீங்கள் சொன்ன படி பளபளக்கிறது. எண்ணும் மெலிந்தே இருக்கிறது. இந்த நாணயம் டபுள் டை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சு இயந்திரம் அசைந்த கணத்தின் தடயம் என்ற அளவில் இதுவும் பாதுகாக்கத் தக்கதே; இதை ஒதுக்குவதில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன்.

லென்ஸ்காரன்:
பாதுகாப்பதை நான் மறுக்கவில்லை, ஐயா. உறையின்மேல் ‘இயந்திர இரட்டிப்பு’ என்று எழுதி வையுங்கள்.