வழிகாட்டிகளுக்குத் தமிழில் பாதுகாப்புப் பயிற்சி: உதவி தேவை

மதுரையில் பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரி மாணவர்களை வழிகாட்டிகளாக வைத்து ஜூன் முதல் ஒரு குழு நடத்துகிறோம். படிப்பு நன்றாகவே போகிறது. சிக்கல், பிள்ளைகள் மனம்விட்டுப் பேசும்போதுதான். "அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வந்தால், "சொல்ல மாட்டேன்" என்று வழிகாட்டிகள் உடனே வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பாலியல் கொடுமை என்றால் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

வக்கீலை வைத்து வகுப்பு எடுத்தோம், விதிமுறைத் தாளில் கையெழுத்து வாங்கினோம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டினோம். சட்டம் தெரிகிறது, அந்த நேரத்தில் என்ன பதில் சொல்வது என்றுதான் தடுமாறுகிறார்கள். கிடைத்த கையேடுகளும் ஆங்கிலத்தில்தான்.

இந்த உரையாடலை நடித்துப் பார்த்துப் பழகும் பயிற்சியை மதுரைக்கு வந்து தமிழில் நடத்தித் தரக்கூடியவர் யாரையாவது தெரியுமா?