பழைய காரின் முன் டிஸ்க்: அளந்தால் 21.8 காட்டுகிறது, நம்பலாமா?

பழையசக்கரம்:
வணக்கம். கார் 20 வயதைத் தாண்டிவிட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் பெடல் காலடியில் துடிக்கிறது, ஸ்டீயரிங்கும் லேசாக ஆடுகிறது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரிவதில்லை. டிஸ்க்கை இரு பக்கமும் உரசிப் பிடிக்கும் பேட் எப்படியும் மாற்ற வேண்டும், அப்படியே டிஸ்க்கையும் பார்த்துவிடலாம் என்று சக்கரத்தைக் கழற்றி வெர்னியரால் (இரு தாடைக்கு நடுவே பிடித்துத் தடிமன் பார்க்கும் கருவி) அளந்தேன். இரண்டு டிஸ்க்கும் 21.8 மி.மீ. புதிதாக இருக்கும்போதே 22தானாம். இத்தனை வருடத்தில் வெறும் 0.2 தேய்மானமா? மெக்கானிக்கோ பார்க்காமலேயே "ரெண்டையும் மாத்திடுங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

ஸ்பானர்செட்:
நீங்கள் அளந்தது விளிம்பை. டிஸ்க்கின் வெளி ஓரம் வரை பேட் எட்டாது. அதனால் அந்த ஓரம் தேயாமல் ஒரு வரம்பு போல நிற்கும், அதன்மேல் துரு வேறு ஏறியிருக்கும். வெர்னியரின் தாடை அந்த வரம்பில்தான் உட்காருகிறது, பேட் உரசும் இடத்தைத் தொடவே இல்லை. விரலை நடுவிலிருந்து வெளியே இழுத்துப் பாருங்கள், ஓரத்தில் தடுக்கும்.

மைக்ரோமீட்டர் இருந்தால் விளிம்பிலிருந்து 10, 15 மி.மீ. உள்ளே தள்ளி அளக்கலாம். இல்லையென்றால் ஒரே மாதிரி இரண்டு நாணயம் போதும். டிஸ்க்கின் இரு முகத்திலும் எதிரெதிராக ஒவ்வொன்றை வைத்து, மூன்றையும் சேர்த்து வெர்னியரில் பிடியுங்கள். பிறகு இரண்டு நாணயத்தை மட்டும் சேர்த்து அளந்து அதைக் கழித்துவிடுங்கள். டிஸ்க்கைச் சுற்றி ஏழெட்டு இடத்தில் பார்த்து, வந்ததில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதை எதோடு ஒப்பிடுவது? டிஸ்க்கின் நடுத் தொப்பியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். அதற்குக் கீழே போனால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், விரிசல் விடும். பேட்டும் தேய்ந்திருந்தால், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வரும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பிரேக் தூசியை ஊதவும் வேண்டாம். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

நாலுவீல்:
துடிப்புக்குத் தடிமன் குறைவது காரணமில்லை. ஒரே டிஸ்க்கில் ஓர் இடம் தடித்தும் ஓர் இடம் மெலிந்தும் இருப்பதுதான் காரணம். 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். வெர்னியரில் அது சிக்காது, மைக்ரோமீட்டர் வேண்டும். "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் ஏறி இறங்கியிருக்கும், இல்லையென்றால் பேட் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும்.

ஸ்பானர்செட்:
ஒன்று விட்டுப்போச்சு. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி டிஸ்க்கின் உள்முகத்தையும் பாருங்கள். வெளிமுகம் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே உழுது வைத்திருக்கும்.

பழையசக்கரம்:
நாணய வித்தை வேலை செய்தது. பொறித்திருப்பது 20. இடது டிஸ்க் 20.6. வலது டிஸ்க்கில் குறைந்தது 19.7. வலது டிஸ்க்கின் உள்முகத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள். அந்தப் பக்க உள் பேட் கிட்டத்தட்ட இரும்புத்தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளி பேட் பாதி மிச்சம். இடது நன்றாகத்தானே இருக்கிறது, வலதை மட்டும் மாற்றலாமா? இல்லை, லேத்தில் கொடுத்துக் கடையலாமா?

நாலுவீல்:
வலதுக்கு லேத் பேச்சே வேண்டாம். ஏற்கெனவே 20க்குக் கீழே இருப்பதை இன்னும் சீவி என்ன செய்வது? இடதைக் கடைந்தால் அந்த 0.6லும் ஒரு பகுதி போய்விடும், புது பேட் தேய்ந்து முடிவதற்குள் அதுவும் 20ஐத் தொட்டுவிடலாம். முன் டிஸ்க் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். உங்கள் மெக்கானிக் பார்க்காமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்!

ஸ்பானர்செட்:
ஆனால் டிஸ்க் மட்டும் மாற்றினால் வலது பக்கம் மறுபடி இதே கதைதான். உள் பேட் மட்டும் தேய்ந்தால் முதல் சந்தேகம் காலிப்பரின் ஸ்லைடு பின் (காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் கம்பி) மேல்தான். அது இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் பாடுபடும். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் போடுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழியாமல் பாருங்கள், பட்டால் பெயின்ட் போய்விடும்.

ஹப்பில் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டும் நடுப்பகுதி) டிஸ்க் உட்காரும் முகத்தைத் துரு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். அங்கே ஒரு துணுக்கு மாட்டினாலும் புது டிஸ்க் கோணலாகச் சுற்றும், அந்தத் துடிப்பு திரும்ப வந்துவிடும். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேட்டும் புதிதாகவே போடுங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள், முதல் சில மிதிக்குக் கால் தரை வரை போகும்.