எட்டு வெய்ட் ராடோட நியூஸிலாந்து ட்ரவுட்டுக்குப் போலாமா?

செந்தூல்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். டிசம்பர் லீவுக்கு நியூஸிலாந்துல அக்கா வீட்டுக்குப் போறேன், ஹாமில்டன்ல இருக்காங்க. மாமா ரெண்டு நாள் லீவு போட்டு துராங்கி பக்கம் தோங்காரிரோ ஆத்துக்கு ட்ரவுட் மீன் புடிக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு, அவருக்கு மீன்னா சாப்பிட மட்டும்தான் தெரியும், அதனால எல்லாம் என் தலையிலதான். நான் இங்க மலேசியால பழைய ஈயக்குட்டைல தோமான், பீகாக் பாஸ் மீன ஃப்ளைல, அதான் முள்ளுல இறகு கட்டுன போலிப் பூச்சில, புடிப்பேன், மூணு வருசமா 8 வெய்ட் ராடு (நம்பர் ஏற ஏற ராடு பலம்), சூட்டு ஊருக்குன்னு இருக்குற ட்ராபிக்கல் லைன். இதையே தூக்கிட்டுப் போலாமா இல்ல புதுசா 5 வெய்ட் வாங்கணுமா? ஃப்ளை நானே கட்டிட்டுப் போனா ஆகுமா? வீட்டுக்காரம்மா காதுல விழாத அளவுக்குத்தான் பட்ஜெட்டு 😅

தண்ணிமலை அண்ணன்:
தம்பி, 8 வெய்ட்டுல ட்ரவுட் புடிக்கிறது சுண்டெலிய உலக்கையால அடிக்கிற மாதிரி. குளிர்காலத்துல, அதாவது ஜூன் ஜூலைல போனா அந்த ஆத்துல முட்டை போட ஏறி வர்ற பெரிய ரெயின்போ ட்ரவுட்டுக்கு கனமான நிம்ஃப், அதாவது தண்ணிக்கு அடில போற ஃப்ளை, எறியணும், அப்ப 7, 8 கூட ஓடும். நீ போறது அங்க வெயில் காலம், ஆனா ஆறு பெருசு, காத்து வேற அடிக்கும், அதனால 9 அடி 6 வெய்ட் எடு, 5 கொஞ்சம் திணறும்.

ஆனா ராடுக்கு முன்னாடி லைனப் பாரு, எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். ட்ராபிக்கல் லைன் நம்ம ஊரு வெயில்ல கொழகொழன்னு ஆகாம இருக்கத்தான் வெறப்பா செஞ்சிருக்கான், அத அந்தக் குளிர் தண்ணில போட்டா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிக்கும், நேரா போகவே போகாது. ட்ரவுட் லைன இங்க மத்தியான வெயில்ல எறிஞ்சா அதுக்கு நேர்மாறு, ராடு வளையத்துல ஒட்டிக்கிட்டு நகராது. நான் ரெண்டையும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன். ராடு சுமாரா வாங்கு, மிச்சக் காச குளிர் தண்ணிக்குன்னு இருக்குற லைன்ல போடு, சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம் பாடாங்ல (திடல்ல) ஃப்ளைக்கு பதிலா நூல் துண்டு கட்டி எறிஞ்சு பழகு, முடிச்சதும் லைன சோப்புத் தண்ணில தொடச்சிடு.

டிப்பெட், அதான் ஃப்ளை கட்டுற கடைசி மெல்லிசு நரம்பு, 5எக்ஸ்னு நெட்ல போட்டிருப்பான். 11லேர்ந்து எக்ஸ் நம்பரக் கழிச்சா அது இன்ச்சுல ஆயிரத்துல எத்தன பங்கு தடிமன்னு வரும், 5எக்ஸ்னா 6, அதாவது 0.15 மில்லி. அங்க மீன் பெருசு, நீ 3எக்ஸ் 4எக்ஸ் வெச்சுக்க. தோமானுக்கு இழுக்குற மாதிரி வெடுக்குன்னு லைன இழுத்தியோ டிப்பெட் டப்புன்னு போயிடும், நிம்ஃப் எறியிறப்ப ராட மெல்லத் தூக்குனா போதும்.

கெப்போங் மீன்பித்தன்:
அண்ணன் லைன் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு. ஃப்ளை கட்டுறதுக்கு வர்றேன். நிறைய பேட்டர்ன் கத்துக்காதீங்க பாஸ், ஃபெசன்ட் டெய்ல்ங்கிற நிம்ஃப் ஒண்ணே போதும். இங்கிலாந்துல ஆத்துக் காவலரா இருந்த ஃபிராங்க் சாயர் கண்டுபுடிச்சது, அவரு கட்டுன முறைல நூலே கெடையாது, ஃபெசன்ட் பறவையோட வால் இறகு, செம்புக் கம்பி, அவ்ளோதான். பழைய காத்தாடி மோட்டாரப் பிரிச்சா மயிரு மாதிரி கம்பி கெடைக்கும், நான் அதத்தான் பாவிக்கிறேன். 14ம் நம்பர் ஹூக்க வைஸ்ல (முள்ளப் புடிச்சுக்கிற இடுக்கில) மாட்டுங்க, கம்பிய சுத்தி முன்பக்கம் நெஞ்சு கணக்கா சின்ன மேடு பண்ணுங்க, அந்த வெயிட்டுதான் ஃப்ளைய தண்ணிக்கு அடில இறக்கும். நாலு இழை இறகு எடுத்து நுனிய வால் மாதிரி பின்னால விட்டுட்டு, இழையும் கம்பியும் சேத்து முறுக்கி முன்னால சுத்திட்டு வாங்க. தனித்தனியா சுத்துனா முதல் மீன் பல்லுலயே இறகு பிஞ்சிடும், சேத்து முறுக்குனா நிக்கும். கடைசில மீதி இழைய மேட்டு மேல முன்னயும் பின்னயும் மடிச்சு கட்டிடுங்க.

வூலி பக்கர்னு இன்னொரு ஃப்ளையும் வேணும்னா பசார்ல கம்பத்துக் கோழி விக்கிறவர்ட்ட சேவல் கழுத்து இறகு கேளுங்க, சும்மாவே குடுப்பாரு.

பட்டர்வொர்த் மீனாட்சி:
கோழி இறகு சொன்னவரே, நம்ம ஊருக்கு அது சரி, நியூஸிலாந்துக்கு பிடுங்குன இறகு, பாதி கட்டுன சாமான்லாம் தூக்கிட்டுப் போய் ஏர்போர்ட்ல மல்லுக்கட்டாதீங்க! கட்டி முடிச்ச ஃப்ளை ஒரு டப்பா, சுத்தமா காஞ்சது, அத மட்டும் கொண்டு போங்க, அதையும் ஃபாரத்துல டிக்ளேர் பண்ணுங்க. பாவிச்ச ராடு, ரீல், பூட்ஸ் எல்லாமே சொல்லணும், சொல்லாம மாட்டுனா அங்கயே 400 நியூஸிலாந்து டாலர் ஃபைன். போன வருசம் நாங்க போனப்ப எல்லாத்தையும் சொன்னோம், ஆபீசர் பூட்ஸ் அடிய திருப்பிப் பாத்தாரு, டப்பாவத் தொறந்து பாத்தாரு, போலாம்னுட்டாரு. எங்க வீட்டுக்காரரு பைல ஒரு ஆப்பிள் இருந்தது மட்டும் நல்ல வேளை ப்ளேன்லயே ஞாபகம் வந்துச்சு.

பூட்ஸ் அடில வழுக்காம இருக்க ஒட்டுற ஃபெல்ட் துணி இருந்தா விட்டுட்டுப் போங்க. அங்க 2004ல டிடிமோன்னு ஒரு பாசி ஆத்துல வந்துடுச்சு, அது ஈரமான ஃபெல்ட்ல ஒட்டிக்கிட்டு ஊரெல்லாம் போகுதுன்னு ஃபெல்ட தடை பண்ணிட்டாங்க. வெயில் காலம்தானே, ரப்பர் அடி பூட்ஸும் அரைக்கால் சட்டையும் போதும், தண்ணில எறங்கப் போடுற வேடர் காசு மிச்சம்.

லைசென்சும் கவனம். நீங்க போற ஆறு இருக்குற தௌபோ ஏரிப் பக்கத்துக்கு தனி லைசென்ஸ், நாட்டுல மத்த எடத்துக்கு வாங்குற ஃபிஷ் அண்ட் கேம் லைசென்ஸ் அங்க செல்லாது.

தண்ணிமலை அண்ணன்:
மீனாட்சி சொல்றதக் கேளு தம்பி, எனக்கு இந்த ஃபெல்ட் விசயம் மறந்தே போச்சு. இன்னொண்ணு, அந்த ரெயின்போவே அந்த ஊரு மீன் இல்ல, 1883ல கலிஃபோர்னியாலேர்ந்து கப்பல்ல முட்டையா வந்தது. நம்ம பாட்டன் பூட்டன் கப்பலேறுன அதே காலம், அதனால அத எனக்கு ஒறவாத்தான் தோணும் 😂

செந்தூல்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். 6 வெய்ட் ஆர்டர் போட்டாச்சு, லைன் ராட விட வெல கூட, வீட்டுல இன்னும் சொல்லல. நேத்து ராத்திரி காத்தாடி கம்பில மூணு ஃபெசன்ட் டெய்ல் கட்டுனேன், முதல் ரெண்டு கரப்பான் மாதிரி இருக்கு, மூணாவது பரவால்ல. அக்காட்ட சொன்னேன், மீன் மாட்டலன்னா என்ன, கடைல ஒரு ட்ரவுட் வாங்கி கொழம்பு வெச்சுடலாம்னு சிரிக்குது.

பட்டர்வொர்த் மீனாட்சி:
அந்த ஊர்ல ட்ரவுட்ட கடைல விக்கவே கூடாதுங்க, சட்டம். புடிச்சாத்தான் உண்டு. அக்காவ புளிய இப்பவே கரைக்க வேணாம்னு சொல்லுங்க.