கல்லூரியில் வாய் திறந்ததற்காக உங்களுக்கு என்ன நடந்தது?

பி.ஏ. வரலாறு, 2010–13, விருதுநகர் மாவட்டம்

அக்கா மகனுக்கு இந்த வருஷம் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்டி முடித்ததும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியோடு சேர்த்து இன்னொரு தாளையும் நீட்டினார்கள். ‘எந்தப் போராட்டத்திலும், ஆர்ப்பாட்டத்திலும், கூட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன். மீறினால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்’ என்று அச்சடித்திருந்தது. அப்பா கையெழுத்துக்கு ஒரு கோடு, பையன் கையெழுத்துக்கு ஒரு கோடு. பின்னால் வரிசை நின்றது. அத்தான் படிக்காமலேயே போட்டுவிட்டு, "எல்லாரும் போடுறாங்க மாப்ள" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் யார்தான் உட்கார்ந்து படிப்பார்கள்?

அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு 2013தான் மனதில் ஓடுகிறது.

அந்த ஆண்டு மார்ச் 8 அன்று சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர், ஈழத்தில் நடந்தது இனப்படுகொலை, அதற்கு சர்வதேச விசாரணை வேண்டும் என்று சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். போலீஸ் அவர்களை வலுக்கட்டாயமாக அகற்றியதுதான் தாமதம், ஊர் ஊராகப் பற்றிக்கொண்டது. எங்கள் கல்லூரியில் அதுவரை கட்டண உயர்வுக்குக்கூட யாரும் வெளியே வந்ததில்லை. அன்று மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாங்களாகவே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் பிடித்துக்கொண்டோம். கேன்டீன் அண்ணன் யாரிடமும் கேட்காமல் ஒரு தண்ணீர் கேனைத் தூக்கிவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனார். கட்சிக்காரர்கள் கொடியோடு வந்தபோது, கொடியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்றோம்.

மார்ச் நடுவில் கல்லூரிகளுக்கு அரசு காலவரையற்ற விடுமுறை விட்டது. எங்கள் விடுதியை அன்று மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இரவுச் சாப்பாடு கிடையாது என்று மெஸ் வாசலில் எழுதிப் போட்டார்கள். இது பழைய வித்தை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போதும் கல்லூரிகளை மூடித்தான் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அம்மா அப்பா பார்த்துக்கொள்வார்கள் என்பது கணக்கு. ஆனால் 65இல் ஊருக்குப் போனவர்கள் ஊரிலும் பேசினார்கள். இரண்டே வருஷத்தில், அந்தப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற பெ. சீனிவாசன் என்ற இளைஞர் விருதுநகர் தொகுதியில் காமராசரையே 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். காமராசர் மேல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உயிர். ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லாத டீக்கடை எங்கள் பக்கம் கிடையாது.

கல்லூரி மறுபடி திறந்தபோதுதான் விஷயமே ஆரம்பித்தது. ஹால் டிக்கெட் வாங்கப் போனால், பட்டியலில் என் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு டிக். "எச்.ஓ.டி.யைப் பார்த்துட்டு வா." எச்.ஓ.டி. அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அப்பா வந்தார். அவரை நிற்க வைத்தே பேசினார்கள். மேசையில் இருபது ரூபாய்ப் பத்திரம்: இனி எதிலும் கலந்துகொள்ள மாட்டேன், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று தட்டச்சு செய்து தயாராக இருந்தது.

"என்ன சார் தப்பு பண்ணான்?" என்றார் அப்பா. மரத்தடியில் உட்கார்ந்தான் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. ஒழுங்கீனம் என்றார்கள். "சரி சார், என்ன ஒழுங்கீனம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. வீட்ல வச்சுப் படிச்சுப் பாத்துட்டு, நாளைக்கு இதுல கையெழுத்துப் போடுறோம்." அப்பா படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த ஒரு கேள்விக்கு அந்த அறையில் பதில் இல்லை. எழுதித் தருகிறோம், நாளை வாருங்கள் என்றார்கள். கடைசிவரை தரவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹால் டிக்கெட் கைக்கு வந்தது. பத்திரம் கையெழுத்தில்லாமலேயே போயிற்று.

இன்டர்னலில் ஒரு பேப்பருக்கு மட்டும் 25க்கு 11 போட்டிருந்தார்கள். அதுவரை இருபதுக்குக் கீழே நான் வாங்கியதில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் வாய்வழிப் பதில்தான்.

நம் ஊர்க் கல்லூரிகளில் பேச்சுரிமையைப் பறிக்க யாரும் தடை உத்தரவு போடுவதில்லை. ஒரு போன், பென்சில் டிக், இன்டர்னல் மார்க், டி.சி. என்ற மிரட்டல். எதிலும் கையெழுத்து இருக்காது, தேதி இருக்காது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பி.எஸ்சி. கணிதம், 2015–18, திருநெல்வேலி. இப்போது வழக்கறிஞர்

மேலே எழுதியவரின் அப்பாவுக்கு வணக்கம். எங்களுக்கு வந்த போன் வேறு மாதிரி. பெண் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வார்கள் என்று தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

2017 செப்டம்பர் 1. அரியலூர் அனிதா இறந்த செய்தி வந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் வரை போய் நின்றவள். எங்கள் விடுதியில் பாதிப் பேர் அந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள். அன்று ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை. திங்கட்கிழமை கறுப்பு ரிப்பன் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, துப்பட்டாவில் ஊக்கால் குத்திக்கொண்டு வகுப்புக்குப் போனோம். கோஷம் போடவில்லை. வகுப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. முதல் பீரியட் கால்குலஸ், அதையும் கவனித்தோம்.

மத்தியானத்துக்குள் கழற்றச் சொன்னார்கள். கழற்றாதவர்களின் பெயரை எடுத்தார்கள். பையன்கள் வீட்டுக்குப் போன் போனால் "உங்க பையன் போராட்டம் பண்றான்" என்பார்கள். எங்கள் வீடுகளுக்குச் சொன்னது: "உங்க பொண்ணு பசங்களோட சேந்து வெளிய உக்காந்திருக்கா, ராத்திரியானாலும் விடுதிக்கு வர்றதில்ல." நாங்கள் வகுப்பறையை விட்டு வெளியிலேயே போகவில்லை!

அம்மா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "ஏட்டி, எங்கட்டி இருக்க? வார்டன் என்னென்னவோ சொல்லுதாவளே!" எனக்குக் கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, அப்பா கண்டக்டர், தொழிற்சங்கத்தில் இருந்தவர். போனை வாங்கி, "ரிப்பன் குத்துனதுக்கா இந்தக் கூத்து? சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும் அப்படி அப்பா வாய்ப்பதில்லை. என் அடுத்த கட்டில்காரியை அந்த வாரமே வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவள் திரும்ப வரவில்லை. தை மாசம் கல்யாணப் பத்திரிகை வந்தது. வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி அவள். அந்தப் போனைச் செய்தவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிறகு சட்டக் கல்லூரியில் இரண்டு வழக்குகளைப் படித்தேன். ஒன்று அமெரிக்காவின் டிங்கர் வழக்கு. 1965 டிசம்பரில், வியட்நாம் போரை எதிர்த்து, அயோவா மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்தார்கள். பள்ளியில் அவர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு 13 வயது. 1969இல் அங்கேயுள்ள உச்ச நீதிமன்றம் 7–2 என்று பிள்ளைகள் பக்கம் நின்றது. பாடம் நடப்பதற்கு இடைஞ்சல் இல்லாதபோது, கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தண்டிக்க முடியாது என்று சொன்னது. வாசித்தவுடன் எனக்கு அந்த கால்குலஸ் வகுப்புதான் கண்முன் வந்தது.

இன்னொன்று நம் நாட்டு வழக்கு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். 1986இல் சுப்ரீம் கோர்ட் அந்த நீக்கம் செல்லாது என்றது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு இடம். கல்வித் துறையின் சுற்றறிக்கையைக் காட்டித்தான் பிள்ளைகளை நீக்கினார்கள். சட்ட பலம் இல்லாத சுற்றறிக்கையை வைத்து அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையைப் பறிக்க முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சுற்றறிக்கைக்கே அந்தக் கதி என்றால், சேர்க்கை அன்று வரிசையில் நிறுத்தி வாங்கும் தாளுக்கு என்ன மதிப்பு? ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அடிப்படை உரிமை வழக்கு அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களுக்கு எதிராக எளிதில் நிற்கும். சுயநிதிக் கல்லூரிக்கு எதிராக அதே வேகத்தில் நிற்காது.

எம்.ஏ. பொருளாதாரம், 2014–16, சென்னை

எழுத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் பக்கத்தில் நின்று பார்த்தது ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தை 2014இல் மாணவர்கள் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி அவர்கள் போட்ட துண்டறிக்கை மேல், பெயரில்லாத ஒருவர் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் புகார் அனுப்பினார். அமைச்சகம் நிறுவனத்திடம் கருத்துக் கேட்டது. மே 22 அன்று அங்கீகாரம் ரத்து என்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. தங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள்.

நாங்கள் சர்தார் படேல் சாலை வாசலுக்குப் போனோம். தடுப்புக் கம்பி, போலீஸ் வேன், எதிரே பஸ்ஸுக்கு நிற்கும் ஜனம். கோஷம் போட்ட கொஞ்ச நேரத்திலேயே வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பெயர், விலாசம், அப்பா பெயர் எழுதிக்கொண்டு, சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டார்கள்.

ஆனால் அந்த மின்னஞ்சலில் தேதி இருந்தது, பதவி இருந்தது, காரணம் என்று ஒன்று இருந்தது. நாடு முழுக்க எல்லோரும் படித்தார்கள். ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்ப வந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் சமூக சீர்திருத்தவாதி ஃபுலே பெயரையும் சேர்த்து ஒரு வட்டம் உருவானது. இதையே துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டு வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கெல்லாம் தெரிந்தே இருக்காது.

ஓய்வுபெற்ற பேராசிரியர், தஞ்சாவூர்

தம்பி தங்கைகளுக்கு ஆசிரியர் பக்கத்தையும் சொல்கிறேன். போராட்டம் என்றால் மறுநாள் காலையில் உளவுப் பிரிவுக் காவலர் ஒருவர் மஃப்டியில் கல்லூரிக்கு வருவார். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே, "யாரு சார் முன்னால நிக்கிறது? ரெண்டு பேர் சொல்லுங்க போதும்" என்பார். நான் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வேன்: "ஸ்டேஷன்ல இருந்து முதல்வருக்கு லெட்டர் போடுங்க, முதல்வர் எனக்கு எழுதட்டும், தர்றேன்." எனக்குத் தெரிந்து அப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை. எங்கள் கல்லூரி அரசுக் கல்லூரி, அதிகபட்சம் மாற்றல் போடுவார்கள் என்பதால் எனக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கு அடுத்த மாதச் சம்பளமே நிச்சயமில்லை. அவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

மாணவர் தேர்தல் நடக்காததுதான் பாதிப் பிரச்சினை என்பது என் கருத்து. 2006இல் மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை சுப்ரீம் கோர்ட் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கட்டுப்பாட்டையெல்லாம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் தேர்தலை மட்டும் விட்டுவிட்டார்கள். தேர்ந்தெடுத்த பேரவை இருந்தால் நிர்வாகம் பேரவையோடு பேசும். இல்லாததால் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வகுப்பில் இருக்க விரும்பிய பிள்ளைகளைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்ட போராட்டங்களையும் பார்த்திருக்கிறேன். "எனக்கு உடன்பாடில்லை" என்று எழுந்து நின்ற ஒரு பையனைக் கூட்டமாகச் சேர்ந்து கத்தி உட்கார வைத்தார்கள். சிதம்பரத்தில் 1965 ஜனவரி 27 அன்று துப்பாக்கிச் சூட்டில் இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரனுக்குச் சிலை இருக்கிறது. ஒரு மொழியைத் திணிக்காதே என்று சொல்லப்போய் உயிர் விட்ட பையன். அந்த வரிசையில் வருகிற நாம் அடுத்தவன் வாயை அடைக்கலாமா?

பி.காம்., 2019–22, சேலம்

ஐயா, அந்தக் கடைசிப் பத்தி எங்கள் செட்டுக்கும் பொருந்தும்.

பத்திரத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு, எனக்கு உதவியது இது. எங்களுடையது அரசு உதவி பெறும் கல்லூரி. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன்: எந்த உத்தரவின் பேரில் இந்த உறுதிமொழி வாங்கப்படுகிறது, அதன் நகல் வேண்டும். முப்பது நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ‘அப்படி உத்தரவு எதுவும் இல்லை’ என்று முதல்வர் கையெழுத்தோடு பதில் வந்தது. அதை நோட்டீஸ் போர்டு பக்கத்தில் ஒட்டியதோடு, அடுத்த வருஷச் சேர்க்கையில் அந்தத் தாள் காணவில்லை. சுயநிதிக் கல்லூரி என்றால் இந்த வழி நேராக வேலை செய்யாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், புகார் கொடுத்த 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்றும் 2018லேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. மனு எதுவானாலும் இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அந்த உறுதிமொழித் தாள் யாரிடமாவது இருந்தால், பெயரையும் கல்லூரியையும் மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் இங்கே எழுதுங்கள். எங்கள் கல்லூரித் தாளில் இருந்ததும் விருதுநகர் அண்ணன் மேலே எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒரே வரி. எல்லாரும் ஒரே இடத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம்.