ஆபீஸ் பிசியில் திறக்கும் பக்கம் போன் ஆப்பில் வெள்ளையாக நிற்கிறது

ஒற்றையாள்_ஐடி:

வணக்கம். எங்கள் கம்பெனியில் ஐடி டிபார்ட்மென்ட் என்பது நான் ஒருவன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என் போன்தான் அடிக்கும், சர்வர் படுத்தாலும் என் போன்தான் அடிக்கும்.

எனக்கு முன்பு இருந்தவர் பிஎச்பி என்ற சர்வர் மொழியில் எழுதிவிட்டுப் போன உள்பக்கங்கள் சில இருக்கின்றன. லீவு விண்ணப்பம், ஸ்டாக் பார்ப்பது, சம்பள ஸ்லிப், அறிவிப்புப் பலகை. ஆபீஸ் பிசியில் பிரவுசரைத் திறந்து ‘போர்ட்டல்’ என்று ஒரே சொல்லைத் தட்டினால் வந்துவிடும். சர்வரின் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி, 192.168.1.20.

இப்போது முதலாளிக்கு அது போனில் வேண்டும். “பக்கம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஆப்புக்குள் போட வேண்டியதுதானே?” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஒரு ஆக்டிவிட்டி (ஆப்பின் ஒரு திரை), அதற்குள் வெப் பக்கத்தைக் காட்டும் ஒரு வெப்வியூ, அதற்கு ஒரு முகவரி. முப்பது வரிகூட இல்லை. ஓட்டிப் பார்த்தால், ஆபீஸ் வைஃபையிலேயே ‘போர்ட்டல்’ என்ற பெயர் போனுக்குத் தெரியவில்லை. பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரில் ‘போர்ட்டல்.லோக்கல்’ என்று ஒரு பெயர் சேர்த்தேன். ஒரு போனில் திறக்கிறது, இன்னொன்றில் திறக்கவில்லை. நேராக ஐபியைக் கொடுத்தால் ‘கிளியர்டெக்ஸ்ட் நாட் பெர்மிட்டட்’ (பூட்டாத இணைப்புக்கு அனுமதி இல்லை) என்கிறது. சரி, பூட்டிய இணைப்பான எச்டிடிபிஎஸ் கேட்கிறது போல என்று, சர்வரின் அடையாளத்துக்கு நானே ஒரு சான்றிதழ் தயாரித்து, அதற்குக் கையெழுத்திட்ட மூலச் சான்றிதழை (ரூட்) போனில் ஏற்றினேன். குரோம் முணுமுணுக்காமல் திறக்கிறது. என் ஆப்பில் மட்டும் வெறும் வெள்ளை. பிழைச் செய்திகூட இல்லை.

இன்னொன்று. விற்பனைப் பிரிவு ஆட்கள் முக்கால்வாசி நேரம் வெளியில்தான் இருப்பார்கள். ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு வாசலை, திறந்து இந்த சர்வருக்குத் திருப்பிவிடலாமா? திட்டுவதென்றால் காரணத்தோடு திட்டுங்கள்.

---

பழைய_கேபிள்:

தம்பி, போர்ட் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பெயர்.

‘போர்ட்டல்’ என்று ஒரு சொல்லைத் தட்டினால் பிசி எப்படிப் போகிறது? அந்தச் சொல்லுக்குப் பின்னால் கம்பெனியின் டொமைன் பெயரை அதுவாகவே ஒட்டிக்கொள்கிறது. பிசியை நெட்வொர்க்கில் சேர்த்த அன்றே அந்த ஒட்டு செட்டிங்கில் போய் உட்கார்ந்துவிட்டது. அதே நாளில் கம்பெனியின் ரூட் சான்றிதழ், விண்டோஸ் லாகின் என்று இன்னும் நாலு விஷயமும் உள்ளே போயிருக்கும். பிசி வீட்டு ஆள், யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். போன் இன்றுதான் வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி. அதற்கு முழு முகவரி கொடுக்க வேண்டும்.

‘லோக்கல்’ என்ற முடிவைத் தொடவே தொடாதீர்கள். அது மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு என்று ஒதுக்கப்பட்டது, 2013இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தரநிலை அப்படிச் சொல்கிறது. அந்த முடிவைப் பார்த்ததும் பல போன்கள் உங்கள் டிஎன்எஸ் சர்வரைக் கேட்காமல், ‘இங்கே போர்ட்டல் யாருப்பா?’ என்று வைஃபையில் இருக்கும் எல்லோரையும் பார்த்துக் கூப்பிடும். அந்தக் குரலுக்கு உங்கள் சர்வர் பதில் சொல்லாது. ஒரு போனில் திறந்து இன்னொன்றில் திறக்காத மாயம் இதுதான். ‘இன்டர்னல்’ என்ற முடிவை 2024இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் (ICANN) அமைப்பு உள்வலைகளுக்கென்றே ஒதுக்கிவிட்டது, அது பாதுகாப்பானது. ஆனால் அதற்கு வெளியில் யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள், அதனால் உங்களுக்கு உதவாது.

கம்பெனிக்கு வெப்சைட் இருக்கும் அல்லவா? அந்த டொமைனுக்குக் கீழே ‘போர்ட்டல்’ என்று ஒரு கிளைப் பெயர் வையுங்கள். உள்ளே இருக்கும் டிஎன்எஸ் அதற்கு உள் ஐபியைச் சொல்லட்டும். பிசி, போன், ஆப் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். ஆப்புக்குள் ஐபியை எழுதி வைத்தால், சர்வரை மாற்றும் நாளில் ஒவ்வொரு போனாகப் பிடித்து ஆப்பைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஒரு முறை அப்படிப் பிடித்தவன் சொல்கிறேன்.

இப்போது போர்ட். வேண்டாம். பொது ஐபியில் ஒரு போர்ட் திறந்த சில நிமிடங்களிலேயே தானியங்கி ஸ்கேனர்கள் வந்து கதவைத் தட்டும். எப்போதோ எழுதிய பிஎச்பி லாகின் பக்கம் அதைத் தாங்குமா என்று நீங்களே சொல்லுங்கள். சின்ன கம்பெனிக்கு வயர்கார்டு விபிஎன் போதும், வெளியில் இருக்கும் போனை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் பூட்டிய சுரங்கம் அது. அதுவும் ஒரு யூடிபி போர்ட்டைத் திறந்துதான் வைக்கும், வழக்கமாக 51820. ஆனால் சரியான சாவியோடு வராத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது, ஸ்கேன் செய்பவனுக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. போனுக்கு ஒரு சாவி கொடுங்கள். போன் தொலைந்தால் சர்வரில் அந்த ஒரு சாவியை மட்டும் அழித்துவிடலாம்.

எந்த ஐபிகளுக்குப் போவது சுரங்கம் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் ‘அலவ்டு ஐபிஸ்’ என்ற இடத்தில் எல்லா ஐபியையும் போட்டுவிடாதீர்கள். போட்டால் விற்பனை ஆள் இரவில் பார்க்கும் வீடியோவெல்லாம் உங்கள் ஆபீஸ் லைன் வழியாகத்தான் ஓடும். சர்வரின் ஐபியும் உள் டிஎன்எஸ்ஸின் ஐபியும் மட்டும் போதும். இன்னொன்று, 192.168.1 வரிசையை வீட்டு ரவுட்டர்களும் பரவலாகத் தரும், இரண்டும் மோதிக்கொள்ளலாம். சர்வரை 10இல் தொடங்கும் வரிசைக்கு மாற்ற முடிந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

---

பூட்டு_சாவி:

வெள்ளைப் பக்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன், அதில் ஒரு வாரம் தொலைத்தவன்.

ஐபி கொடுத்தபோது பிழைச் செய்தி வந்தது, சான்றிதழ் போட்டபின் செய்தியே இல்லை என்கிறீர்கள். அதிலேயே விடை இருக்கிறது. ஆண்ட்ராய்டு 9 (2018) முதல், அந்தப் பதிப்பைக் குறிவைத்துக் கட்டிய ஆப்களில் வெறும் எச்டிடிபி இயல்பாகவே தடை, அதைச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். ஆனால் சான்றிதழ் பிடிக்காவிட்டால் வெப்வியூ சத்தமில்லாமல் கோரிக்கையை ரத்து செய்துவிடும். மிச்சம் வெள்ளைதான்.

குரோம் ஏற்றுக்கொண்டதை ஆப் ஏன் ஏற்கவில்லை? ஆண்ட்ராய்டு 7 (2016) முதல், பயனர் கையால் ஏற்றிய ரூட்டை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. குரோம் நம்புகிறேன் என்று தானாகச் சொல்லி வைத்திருக்கிறது, உங்கள் ஆப் சொல்லவில்லை. நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் சொல்லலாம். ஐபோனில் வேறு கூத்து: ரூட்டை ஏற்றிய பிறகு, ஜெனரலுக்குள் அபவுட், அதன் அடியில் சர்டிஃபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் என்று ஒன்றைத் தேடிப் போய்த் தனியாக ஒரு சுவிட்சைப் போட வேண்டும். ஆபீஸில் எல்லோருடைய போனையும் வாங்கி இதைச் செய்வீர்களா?

செய்ய வேண்டாம். பழைய_கேபிள் சொன்ன மாதிரி சொந்த டொமைனுக்குக் கீழே பெயர் வைத்துவிட்டால், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, போன்கள் ஏற்கெனவே நம்பும் சான்றிதழை இலவசமாகவே தரும். சர்வர் இணையத்தில் தெரிய வேண்டியதே இல்லை. டொமைன் உங்களுடையதுதான் என்பதற்கு, அவர்கள் தரும் ஓர் எழுத்துச் சரத்தை டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி என்ற வகைப் பதிவாகப் போட்டுக் காட்டினால் போதும். ‘டிஎன்எஸ்-01 சேலஞ்ச்’ என்று தேடுங்கள். போன் எதிலும் எதையும் ஏற்ற வேண்டாம். சான்றிதழின் ஆயுள் குறைவு, வழக்கமாக 90 நாள், ஆகவே புதுப்பிப்பதைக் கையால் செய்ய நினைக்காதீர்கள், ஸ்கிரிப்ட் போட்டுவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சான்றிதழ் வாங்கும் பெயர்கள் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேடுகளில் ஏறும். ‘சம்பளம்’, ‘ரகசியம்’ என்றெல்லாம் கிளைப் பெயர் வைக்காதீர்கள், அல்லது எல்லாக் கிளைப் பெயர்களுக்கும் ஒன்றாகச் செல்லும் வைல்டுகார்டு சான்றிதழ் வாங்குங்கள். சர்வரில் ஒற்றைச் சான்றிதழை வைக்காமல், இடைச் சான்றிதழ்களும் சேர்ந்த ஃபுல்செயின் கோப்பை வையுங்கள். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் பிசி பிரவுசர் அதைத் தேடி எடுத்துச் சமாளித்துவிடும், நீங்களும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வீர்கள், போன் ஆப் சமாளிக்காமல் நின்றுவிடலாம்.

அப்புறம், வெள்ளைப் பக்கம் என்று தேடினால் எஸ்எஸ்எல் பிழை வரும் இடத்தில் ‘ப்ரொசீட்’ என்று ஒரு வரி போடு என யாராவது சொல்லியிருப்பார்கள். போட்டால் பக்கம் வரும்தான். நடுவில் யார் உட்கார்ந்து படித்தாலும் வரும்.

---

ஒற்றையாள்_ஐடி:

அந்த ‘ப்ரொசீட்’ வரியை நேற்று இரவே போட்டுவிட்டேன். இப்போது எடுத்துவிட்டேன். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

பெயர், சான்றிதழ் இரண்டும் முடிந்தன. பெயர் வைத்தது பத்து நிமிடம், டொமைன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒன்றரை நாள். பக்கம் ஆப்பில் வருகிறது! ஆனால் லீவு விண்ணப்பத்தில் தேதிப் பெட்டியைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை, மருத்துவச் சான்று இணைக்கும் பட்டன் செத்துக் கிடக்கிறது, சம்பள ஸ்லிப்பை அழுத்தினால் சும்மா இருக்கிறது. எழுத்து எறும்பு அளவு. அரைமணி நேரம் விட்டுவிட்டு வந்தால் மறுபடி லாகின் கேட்கிறது.

---

வெப்வியூ_பட்டறை:

வெப்வியூவை பிரவுசர் என்று நினைக்காதீர்கள், அது சக்கரம் பூட்டாத வண்டி. ஆண்ட்ராய்டில் ஜாவாஸ்கிரிப்ட்கூட இயல்பாக அணைந்துதான் இருக்கும், தேதிப் பெட்டி அதனால்தான் அசையவில்லை. பக்கம் தன் தகவலைச் சேமிக்கும் டோம் ஸ்டோரேஜையும் சேர்த்து இயக்குங்கள். கோப்பு இணைக்க, வெப்வியூவோடு சேர்க்கும் வெப்குரோம்கிளையன்ட் என்ற பகுதியில் ‘ஆன்ஷோஃபைல்சூசர்’ என்பதை நீங்களே எழுத வேண்டும். சம்பள ஸ்லிப் பிடிஎஃப்தானே? ஆண்ட்ராய்டு வெப்வியூ பிடிஎஃப் காட்டாது, ஒரு டவுன்லோடு லிசனர் வைத்து இறக்கிக் கொடுங்கள். ஐபோனில் அதுவே காட்டிவிடும்.

எறும்பு எழுத்துக்கு, பக்கத்தின் தலைப்பகுதியில், திரையின் அகலத்துக்கு வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்கிறதா பாருங்கள், இருக்காது. அது இல்லாவிட்டால் போன் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக வரைந்துவிட்டுச் சுருக்கிக் காட்டும். அதைப் போட்டதும் எழுத்து பெரிதாகும், ஆனால் உங்கள் ஸ்டாக் அட்டவணை திரையை விட்டு வெளியே ஓடும், அதற்குத் தயாராக இருங்கள். உள்ளீட்டுப் பெட்டிகளின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் ஒவ்வொரு பெட்டியைத் தொடும்போதும் பக்கத்தை முகத்துக்கு நேரே இழுத்து வரும்.

லாகின் விஷயம் ஆப்பில் இல்லை. பிஎச்பியில், சும்மா இருக்கும் லாகினை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதற்கு ‘ஜிசி மேக்ஸ்லைஃப்டைம்’ என்று ஒரு அமைப்பு, இயல்பு மதிப்பு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். பிசியில் காலையில் உட்கார்ந்தவர்கள் அடிக்கடி எதையாவது தொட்டுக்கொண்டே இருந்ததால் வெளியே தெரியவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? இதற்கு ஆப் எதற்கு? பெயரும் எச்டிடிபிஎஸ்ஸும் இப்போது சரி. பெயர், ஐகான் எல்லாம் சொல்லும் ஒரு மேனிஃபெஸ்ட் கோப்பு சேர்த்து, பிரவுசரிலிருந்து ஹோம் ஸ்கிரீனில் ஐகானாக வைக்கச் சொன்னால் பார்வைக்கு ஆப் மாதிரியே இருக்கும். கோப்பு இணைப்பது, பிடிஎஃப் எல்லாம் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். ஐபோனில்கூட 16.4 (2023) முதல் அப்படி வைத்த பக்கங்களுக்கு நோட்டிஃபிகேஷன் வருகிறது.

---

ஒற்றையாள்_ஐடி:

முதலாளியிடம் ஐகானைக் காட்டினேன். “ஆப் வந்துவிட்டதா, சபாஷ்” என்றார். நான் மறுக்கவில்லை. என் வெப்வியூ முப்பது வரியும் ஒரு ஃபோல்டரில் தூங்குகிறது. ஸ்டாக் அட்டவணையில் பதினொரு நெடுவரிசை (காலம்) இருந்தது. கேட்டுப் பார்த்ததில் யாரும் நான்குக்கு மேல் பார்ப்பதில்லையாம். மிச்சத்தைப் போனில் மறைத்துவிட்டேன். விற்பனை ஆட்களுக்கு வயர்கார்டு க்யூஆர் படத்தைக் காட்டி ஸ்கேன் செய்ய வைத்தேன், ஆளுக்கு இரண்டு நிமிடம்.

ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன் மட்டும் அடம்பிடிக்கிறது. ஆபீஸ் வைஃபையில் எல்லா வெப்சைட்டும் திறக்கிறது, போர்ட்டல் மட்டும் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்கிறது.

---

பழைய_கேபிள்:

அந்த ஆளின் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பாருங்கள். விளம்பரம் வராமல் இருக்க வெளி சர்வர் ஒன்றின் பெயரைப் போட்டிருப்பார். போன் அதைத்தான் கேட்கும், உங்கள் டிஎன்எஸ்ஸை மதிக்காது. ஆட்டோமேட்டிக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

---

ஒற்றையாள்_ஐடி:

அதேதான் அண்ணே! விளம்பரம் திரும்ப வந்துவிட்டது என்று என்மேல் கோபமாக இருக்கிறார்.

நேற்று இரவு 11.40க்கு போனிலிருந்து முதல் லீவு விண்ணப்பம் வந்து விழுந்தது. அனுமதி தர வேண்டிய மேலாளர் இன்னும் ஐகானை வைக்கவில்லை. காலையில் அதை பிரின்ட் எடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.