‘பரிதாபமாக உயிரிழந்தனர்’ என்று எழுதலாமா?

பாம்பன் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி எங்கள் ஊர் வாசகசாலையில் வைப்பதற்காக ஓர் அறிவிப்புப் பலகை எழுதிக்கொண்டிருக்கிறேன். “பாம்பனிலிருந்து சென்ற ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் பரிதாபமாக உயிரிழந்தனர்” என்பது அதில் ஒரு வரி. அந்தப் புயலில் உறவினரைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, விபத்துச் செய்தி ஒவ்வொன்றிலும் வருகிற அந்தச் சொல் தம் வீட்டாருக்கு வேண்டாம் என்றார். ‘இரங்கத்தக்க வகையில்’ என்று மாற்றலாமா? படிப்பவர் மனம் இளக வேண்டும் என்பதே என் விருப்பம்.

கீழக்கரைத் தமிழாசிரியர்:
பெரியவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஐயா. ‘பரிதாபம்’ வடமொழியிலிருந்து வந்த சொல். வெப்பம், உள்ளக் கொதிப்பு, துயரம் என்பன அதன் மூலப் பொருள்கள். தமிழில் ‘பரிதாபப்பட்டான்’ என்றால் துயரம் பார்க்கிறவனுடையது. ‘பரிதாபமாக நின்றான்’ என்றாலோ அது பார்க்கப்படுகிறவனின் கோலமாகிவிடுகிறது. உங்கள் வரியில் வருவது இந்த இரண்டாவது வகை. இறந்தவர்களின் சாவுக்கே நம்முடைய உணர்ச்சியை வினையடையாக ஒட்டிவிடுகிறோம்.

‘இரங்கு’ அவ்வாறு இடம் மாறாது. ‘ஏழைக்கு இரங்கினான்’ என்று நான்காம் வேற்றுமை ஏற்று, உருகுகிறவனிடமே அது நிற்கும். கடற்கரை நிலமான நெய்தலின் பாடல்களுக்கு உரிப்பொருளாக, அவற்றுக்கே உரிய உணர்வாக, தொல்காப்பியம் சொல்வது இரங்கல். பழம்பாடல்களில் முரசும் கடலும்கூட இரங்கும், அதாவது ஒலிக்கும். நம் கரைக்கு இதைவிடப் பொருந்திய சொல் இல்லை என்பேன். இருந்தாலும் ‘இரங்கத்தக்க வகையில்’ என்பதும், இரங்குங்கள் என்று படிப்பவரைப் பார்த்துச் சொல்வதாகவே அமையும்.

உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் தொல்காப்பியப் பகுதியான மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தருகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, உயிரையோ பொருளையோ இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை என்று அவற்றை விரிக்கலாம். ரயிலில் போனவர்களின் குடும்பத்தாருக்கு நேர்ந்தது இழவு. துறைமுகமும் ரயில் நிலையமும் இருந்த ஊரை விட்டு வெறுங்கையோடு வெளியேறியவர்களுக்கு நேர்ந்தது அசைவு. எதைச் சொல்ல வருகிறீர்களோ அந்த நிகழ்ச்சியை எழுதுங்கள். இரக்கம் தானே வரும்.

தொண்டிக்காரர்:
ஆசிரியர் ஐயா ‘பரிதாபம்’ என்ற சொல்லைச் சற்று அதிகமாகவே ஒதுக்குகிறார் என்று நினைக்கிறேன். தேய்ந்துபோனது செய்தித்தாள் வழக்குதான், சொல் இல்லை. பேச்சில் நம் பக்கத்து மக்கள் சொல்வது ‘பாவம்’. “பாவம், அந்தப் பிள்ளை” என்றால் வினைச்சொல்லே தேவைப்படுவதில்லை. ஆனால் தீவினை என்ற பொருளும் அதற்கு இருப்பதால் பலகைக்கு ஆகாது.

சின்னப்பாலத்திலிருந்து ஒருத்தி:
நான் கடல்பாசி எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூழ்கும் என் அம்மாவைப் பார்த்துச் சுற்றுலா வந்தவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிப் படம் பிடிக்கும்போது அவருக்குக் கோபம் வரும். “கஷ்டப்படுறோம்னு சொல்லு, பாவம்னு சொல்லாதே” என்பார். கஷ்டத்தில் எங்கள் உழைப்பும் அடங்கியிருக்கிறது. பாவத்தில் பார்க்கிறவருடைய உயரம்தான் தெரிகிறது. பெரியவருடைய மனமும் அப்படித்தான் நொந்திருக்கும்.

பாம்பன் வாசகர்:
அனைவருக்கும் நன்றி. வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: “தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த ரயிலைப் பேரலை பயணிகளோடு கொண்டுபோனது, நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.” இதைப் பெரியவரிடம் காட்டலாமா?

கீழக்கரைத் தமிழாசிரியர்:
காட்டுங்கள், ஐயா. ‘பலி’ என்பது படையல் கொடுப்பதைக் குறிக்கும் சொல். அதுவும் செய்தித்தாளிலிருந்து வந்ததே. நீங்கள் முதலில் எழுதிய ‘உயிரிழந்தனர்’ போதும்.